டிஸ்னிலாந்து ஆண்டு பாஸை மாதத் தவணையில் எடுத்தால், நடுவில் நிறுத்த முடியுமா?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கலிஃபோர்னியாவில் இர்வைனில் இருக்கிறீர்கள், எச்1பி வேலை விசா. ஒன்பது வயதிலும் ஐந்து வயதிலும் பிள்ளைகள். நான்கு பேருக்கும் டிஸ்னிலாந்து ஆண்டு பாஸ் எடுக்க ஆசை. மொத்தமாகக் கட்டுவதைவிட மாதாமாதம் கட்டினால் கையைக் கடிக்காது என்று நண்பர் ஒருவர் சொல்லியிருக்கிறார். ஆறு மாதத்தில் வேலை மாறி டெக்சாஸ் போக நேர்ந்தால் தவணையை நிறுத்திவிடலாமா, கிரெடிட் ஸ்கோர் பாதிக்குமா, மே மாதம் ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவுக்கும் இதே முறையில் எடுக்கலாமா என்பவை உங்கள் கேள்விகள். எனக்குத் தெரிந்தவரை இந்த மூன்றுக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருக்கிறது. மாதாமாதம் கட்டுகிறேன் என்றால், தொடர்வதா வேண்டாமா என்று மாதாமாதம் முடிவெடுக்கும் உரிமை எனக்கு உண்டா? கிடையாது. அந்த முடிவைக் கையெழுத்துப் போடும் அன்றே ஒரு வருடத்துக்கும் சேர்த்து எடுத்துவிடுகிறீர்கள்.

உடற்பயிற்சிக் கூடங்களுக்கும் பொழுதுபோக்கு இடங்களுக்கும் மாதக் கட்டணம் வசூலிக்கும் மென்பொருளில் 14 வருடம் வேலை பார்த்தவன் நான். எந்தக் கட்டணம் எந்தத் தேதியில் எடுக்கப்படும், கார்டு மறுக்கப்பட்டால் என்ன ஆகும், வாடிக்கையாளர் எந்த வரியைப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறார் என்பதையெல்லாம் தினமும் பார்த்திருக்கிறேன். வழக்கறிஞர் இல்லை. ஆகவே சட்டம் பற்றிச் சொல்வது வேலையில் பழகிய அளவுக்குத்தான். உங்கள் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அதுதான் செல்லும்.

மாதாமாதம் பணம் போவதில் இரண்டு வகை உண்டு, வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். ஒன்று சந்தா. படம் பார்க்கும் செயலிக்குக் கட்டுவது மாதிரி, அடுத்த மாதம் வேண்டாம் என்றால் நிறுத்திவிடலாம், பாக்கி எதுவும் இல்லை. இன்னொன்று தவணை. நம் ஊர்த் தெருக்களில் பாத்திரங்களைத் தவணைக்குக் கொடுப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். எவர்சில்வர் குடத்தை இன்றே வீட்டில் வைத்துவிட்டுப் போவார், வாரா வாரம் வந்து அட்டையில் குறித்துக்கொண்டு பணம் வாங்குவார். மூன்றாவது வாரம் 'குடம் பிடிக்கவில்லை, இனிமேல் வராதீர்கள்' என்று சொல்ல முடியாது. குடத்தின் முழு விலையும் முதல் நாளே கடனாகிவிட்டது, வாரக் கணக்கு அதை அடைக்கும் வழி மட்டுமே. டிஸ்னிலாந்தின் மாதத் தவணை இந்த இரண்டாவது வகை. பாஸ் உங்களுடையது, ஒரு வருடத்துக்கு விற்றாகிவிட்டது, திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்கள், வேறொருவர் பெயருக்கு மாற்றவும் முடியாது. நீங்கள் போனாலும் போகாவிட்டாலும் மீதித் தொகை பாக்கிதான்.

இது கடன் என்பதற்குச் சட்டத்திலேயே ஒரு அடையாளம் இருக்கிறது. அமெரிக்காவில் 1968-இல் வந்த கடன் விவர வெளிப்பாட்டுச் சட்டத்தின்படி, வட்டியே இல்லாவிட்டாலும், எழுத்து மூலமான ஒப்பந்தத்தில் நான்கு தவணைக்கு மேல் போனால் அதைக் கடனாகவே கருதி விவரங்களைக் காட்ட வேண்டும். இப்போது வாங்கிப் பிறகு கட்டச் சொல்லும் செயலிகள் பல, சரியாக நான்கு தவணையோடு நிறுத்திக்கொள்வதற்கு இந்த எல்லைக்கோடும் ஒரு காரணம். பாஸ் தவணை பன்னிரண்டு. அதனால்தான் வாங்கும்போது ஆண்டு வட்டி விகிதம் 0, மொத்தம் கட்ட வேண்டியது இவ்வளவு என்று கட்டம் போட்டு ஒரு தாள் வரும். திரையில் வேகமாகக் கடந்துபோகும் அந்தத் தாளை மட்டுமாவது நிறுத்திப் படியுங்கள். அதில் 'மொத்தத் தவணைத் தொகை' என்று வரும் எண்தான் உங்கள் உண்மையான செலவு.

எண்ணை வைத்தே பார்ப்போம். டிஸ்னிலாந்து ஆண்டு பாஸுக்கு இப்போது மேஜிக் கீ என்று பெயர். 2021 ஆகஸ்டில் அது தொடங்கியபோது இருந்த நான்கு வகைகளின் விலை: இமேஜின் 399, என்சான்ட் 649, பிலீவ் 949, ட்ரீம் 1,399 டாலர். முன்பணம் ஆளுக்கு 179. கலிஃபோர்னியாவில் குடியிருப்பவர்களுக்கு மட்டும், மீதியை வட்டியில்லாமல் 12 மாதத்தில் கட்டலாம். என்சான்ட் எடுத்திருந்தால் ஆளுக்கு மாதம் 40 டாலருக்கும் கொஞ்சம் குறைவு. விளம்பரத்தில் கண்ணில் படுவது இந்த 40-தான். உங்கள் வீட்டுக்கு அதை நான்கால் பெருக்க வேண்டும், ஏனென்றால் ஆண்டு பாஸில் சிறுவர் விலை கிடையாது. மூன்று வயதுக்குக் கீழே இருந்தால் பாஸே வேண்டாம், உங்கள் சின்னவருக்கு அந்த வயது தாண்டிவிட்டது. ஆக முதல் நாள் 716 டாலர், அப்புறம் மாதம் 157 டாலர் போல, மொத்தம் 2,596. அது பழைய விலை. அதே என்சான்ட் 2024 அக்டோபரில் 974 டாலர் ஆனது. நான்கு பேருக்கு 3,896. விலையும் முன்பணமும் அடிக்கடி மாறுகின்றன, எடுக்கும் அன்றைய எண்களை வைத்து இதே கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். மாதம் எவ்வளவு என்ற எண்ணிலிருந்து தொடங்காமல், இந்த நாலாயிரத்தை இன்றே எடுத்து வைக்கச் சொன்னால் வைப்பேனா என்று கேட்டுப் பாருங்கள். வைப்பேன் என்றால் தவணை நல்ல வசதி. வைக்க மாட்டேன் என்றால் தவணையிலும் எடுக்க வேண்டாம், ஏனென்றால் வாங்கும் பொருளும் விலையும் அதேதான்.

வட்டி இல்லை என்பதால் தவணையில் கட்டுவது லாபம் என்று சிலர் சொல்வார்கள். கணக்குப்படி உண்மைதான். மேலே சொன்ன பழைய விலையில் 1,880 டாலர் பாக்கியை நாலு சதவீத வட்டி தரும் சேமிப்புக் கணக்கில் வைத்து மாதாமாதம் எடுத்துக் கட்டினால், வருடக் கடைசியில் 40 டாலர் போல மிஞ்சும். ஒருநாள் கார் நிறுத்தவும் கொஞ்சம் சில்லறைக்கும் சரியாகப் போகும். கூடுதலாக ஒரு பைசா வாங்காத தவணையை மறுப்பதற்கு ஒரு காரணமும் இல்லை, ஆனால் இந்த 40 டாலருக்காகப் பாஸ் எடுக்கவும் வேண்டாம்.

நண்பர்கள் சொல்லிக் கேட்கும்போது நன்றாகக் குழம்பும் இடம் அடுத்து வருகிறது. டிஸ்னிலாந்து தவணை பன்னிரண்டோடு முடிந்துவிடும், அடுத்த வருடம் வேண்டுமென்றால் நீங்களாகப் போய்ப் புதுப்பிக்க வேண்டும். எல்லாப் பூங்காக்களும் அப்படி இல்லை. சிக்ஸ் ஃப்ளாக்ஸ் உறுப்பினர் திட்டம் என்று விற்று வந்தது குறைந்தது 12 மாதம், அதன் பிறகு நீங்கள் நிறுத்தும் வரை மாதாமாதம் ஓடும். சீவேர்ல்டின் ஈஸிபே திட்டமும் இந்த இடத்தில்தான் நீதிமன்றம் வரை போனது. 12 மாதத்துக்குள் கட்டி முடித்த பாஸ்கள் தவிர மற்றவை தானாகப் புதுப்பிக்கப்படும் என்று அவர்கள் ஒப்பந்தத்தில் இருந்தது. வாங்கிய அன்று ஒரு கட்டணம், பிறகு பதினோரு மாதத்துக்குப் பதினொன்று கட்டினால், பன்னிரண்டாவது மாதம் முடிவதற்குள்ளேயே முழுப் பணமும் கட்டியாகிவிட்டது, பிறகு ஏன் எங்கள் கார்டிலிருந்து தொடர்ந்து எடுக்கிறீர்கள் என்று வாடிக்கையாளர்கள் 2014 டிசம்பரில் ஃப்ளோரிடாவின் டாம்பா கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். 2020-இல் நிறுவனம் 11.5 மில்லியன் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. ஒற்றை வரியின் பொருள் பற்றிய சண்டை அது. உங்கள் நண்பர் எந்தப் பூங்காவின் பாஸ் வைத்துக்கொண்டு உங்களுக்கு ஆலோசனை சொன்னார் என்று கேளுங்கள். 'நான் பாதியில் நிறுத்தினேனே' என்று அவர் சொன்னால், பெரும்பாலும் முதல் 12 மாதம் முடிந்த பிறகு நிறுத்தியிருப்பார்.

தானாகப் புதுப்பிக்கும் ஒப்பந்தங்களில் கலிஃபோர்னியா உங்களுக்கு நல்ல பாதுகாப்புத் தருகிறது. 2010 டிசம்பரிலிருந்து இருக்கும் சட்டம் அது. புதுப்பிக்கும் நிபந்தனையைத் தெளிவாகக் காட்டி, உங்கள் ஒப்புதலை வெளிப்படையாக வாங்க வேண்டும். இணையத்தில் சேர்ந்தவர் இணையத்திலேயே ரத்து செய்ய வழி இருக்க வேண்டும். 2025 ஜூலை 1 முதல் இது இன்னும் இறுக்கமாகியிருக்கிறது. நாடு முழுவதற்கும் ஒரு கிளிக்கில் ரத்து செய்யும் விதி வந்துவிட்டது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்ப வேண்டாம். கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2024 அக்டோபரில் இறுதி செய்த அந்த விதியை 2025 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. இன்னொன்றும் கவனியுங்கள். இந்தச் சட்டங்கள் புதுப்பிப்பைத் தடுக்கத்தான் உதவும். நீங்கள் ஒப்புக்கொண்ட 12 மாதத் தவணையின் நடுவில் தப்பிக்க உதவாது.

சரி, வங்கிக்குப் போன் செய்து நிறுத்தச் சொன்னால்? செய்யலாம். வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போகும் கட்டணத்தை, அது போகும் நாளுக்குக் குறைந்தது மூன்று வேலை நாள் முன்னால் சொல்லி நிறுத்தும் உரிமை கூட்டாட்சிச் சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் பணம் போவதுதான் நிற்கும், கடன் நிற்காது. பூங்கா முதலில் பாஸை முடக்கும், ஒரே ஒப்பந்தத்தில் எடுத்திருந்தால் வழக்கமாக நான்கு பேருடையதையும். பிறகு நினைவூட்டல்கள் வரும். அதற்குப் பிறகு பாக்கி வசூல் நிறுவனத்துக்குப் போகக்கூடும். உங்கள் கிரெடிட் ஸ்கோர் கேள்விக்குப் பதிலும் இதற்குள்தான் இருக்கிறது. இந்த மாதிரிச் சிறு தவணைகளை ஒழுங்காகக் கட்டுவதால் ஸ்கோர் ஏறுவதை நான் வேலையில் பார்த்ததில்லை, வழக்கமாக அவை கடன் அறிக்கைக்கே போவதில்லை. கட்டாமல் விட்டு வசூலுக்குப் போனால் மட்டும் அது அறிக்கையில் ஏறி ஏழு வருடம் வரை நிற்கலாம். வீடு வாங்கும் எண்ணம் இருக்கிறவருக்கு, சில நூறு டாலர் பாக்கிக்காக அப்படி ஒரு கறை தேவையே இல்லை.

எந்தக் கார்டு என்பதும் முக்கியம். டெபிட் கார்டு வேண்டாம், கிரெடிட் கார்டு கொடுங்கள். பூங்காக்கள் மூடிக்கிடந்த 2020-இல், ஃப்ளோரிடாவில் இருக்கும் வால்ட் டிஸ்னி வேர்ல்ட் பூங்கா தவணை வசூலை நிறுத்தி வைத்திருந்தது. ஜூலையில் அது திறந்தபோது, நிறுத்தி வைத்த மாதங்களுக்கு உரியதைச் சேர்த்து ஒரேயடியாகச் சிலரின் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். தவறு என்று ஒப்புக்கொண்டு திருப்பியும் கொடுத்தார்கள். ஆனால் டெபிட் கார்டு கொடுத்தவருக்கு அது திரும்பி வரும்வரை வாடகைப் பணம் கணக்கில் இல்லை. கிரெடிட் கார்டாக இருந்தால் அது வங்கியின் பணம். தவறான கட்டணம் வந்த பில்லிலிருந்து 60 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லலாம், விசாரணை முடியும்வரை அந்தத் தொகையைக் கட்ட வேண்டியதில்லை.

என் வீட்டில் நடந்ததையும் சொல்கிறேன். பல வருடம் முன்பு ஒரு பூங்காவில் தவணையில் பாஸ் எடுத்திருந்தோம். நடுவில் வங்கி என் கார்டை மாற்றிப் புது எண் அனுப்பியது. பூங்காவுக்குச் சொல்ல மறந்துவிட்டேன். மாதத் தவணை ஒன்று மறுக்கப்பட்டது, அவர்கள் அனுப்பிய மின்னஞ்சல் விளம்பரங்களோடு விளம்பரமாகப் போய்விட்டது. மகளின் பிறந்தநாள் காலையில் வாசலில் ஸ்கேன் செய்தபோது சிவப்பு விளக்கு. முக்கால் மணி நேரம் வாடிக்கையாளர் வரிசையில் நின்று பாக்கியைக் கட்டி உள்ளே போனோம். தினமும் இதே வேலையைப் பார்க்கிற நான், என் குழந்தை கையைப் பிடித்துக்கொண்டு கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் நின்றேன். அன்றிலிருந்து இப்படித் தவணை போகும் எல்லாவற்றையும் ஒரே கார்டில் வைத்து, அந்தக் கார்டு மாறினால் யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள்.

டெக்சாஸ் போவது பற்றி. போனாலும் பாஸ் அந்த வருடம் முழுவதும் செல்லும், தவணையும் அந்த வருடம் முழுவதும் போகும். வேலை மாற்றமாக இருந்தால் இது எரிச்சல், அவ்வளவுதான். வேலை போனால் கதை வேறு. எச்1பி-யில் வேலை நின்றால் உங்களுக்கு அதிகபட்சம் 60 நாள் அவகாசம், அதற்குள் புது வேலையோ வேறு விசாவோ ஊர் திரும்பலோ முடிவாக வேண்டும். அந்த 60 நாளில் மாதம் 200, 300 டாலர் பூங்காவுக்குப் போவது பாரமாகத் தெரியும். உங்கள் நிறுவனத்தில் ஆட்குறைப்புப் பேச்சு இருந்தால், பாஸைத் தள்ளிப்போட்டு இரண்டு நாள் டிக்கெட்டோடு திருப்திப்படுங்கள் என்றுதான் என் தம்பிக்குச் சொல்வேன், உங்களுக்கும் அதையே சொல்கிறேன். அவசரச் செலவுக்கு ஆறு மாதப் பணம் தனியாக இருந்தால் இந்தக் கவலை வேண்டாம்.

இனி, எடுப்பது தகுமா என்ற கேள்வி. இது என் கருத்து, உறுதியான விதி இல்லை. 2024 அக்டோபர் நிலவரப்படி ஒருநாள் டிக்கெட் கூட்டம் குறைந்த நாளில் 104 டாலரும் உச்ச நாளில் 206 டாலரும் இருந்தது. எல்லாரும் 974-ஐ 206-ஆல் வகுத்து, ஐந்து தடவை போனால் காசு எடுத்துவிடலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். அந்த 206 டாலர் நாட்களில் விலை குறைந்த பாஸ்கள் பெரும்பாலும் செல்லாது. உங்கள் பாஸ் செல்லும் நாட்களின் டிக்கெட் விலையால் வகுக்க வேண்டும், அப்போது இன்னும் சில தடவை கூடும். பெரியவருக்குப் பள்ளி, உங்களுக்கு வேலை. விலை குறைந்த பாஸ்களில் சனிக்கிழமைகளும் விடுமுறைக் காலமும்தான் அதிகம் அடைபட்டிருக்கும். பாஸ் செல்லும் நாட்களின் நாட்காட்டியைப் பணம் கட்டுவதற்கு முன்பே பார்க்கலாம். அதையும் பள்ளி நாட்காட்டியையும் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் திறந்திருக்கும் நாட்களைப் பேனாவால் வட்டமிடுங்கள். பத்துக்கு மேல் வந்தால் எடுங்கள்.

நாள் திறந்திருந்தாலும் முன்பதிவு கிடைக்க வேண்டும் என்பது இன்னொரு படி. பாஸ் செல்லாத நாளே கிடையாது என்று விற்ற ட்ரீம் கீ வாங்கியவர்களுக்கே முன்பதிவு கிடைக்காமல் 2021 நவம்பரில் வழக்கானது, டிஸ்னி 9.5 மில்லியன் டாலருக்குச் சமரசம் செய்தது. பதிவு செய்துவிட்டு 90 நாளில் மூன்று தடவை போகாமல் விட்டால் 30 நாளைக்குப் புதிதாகப் பதிவு செய்ய முடியாது என்றும் விதி வைத்திருந்தார்கள். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் பதிவை ரத்து செய்ய மறக்காதீர்கள்.

நாம் எத்தனை தடவை போவோம் என்று நாமே போடும் மதிப்பீட்டை நான் பாதியாக வெட்டுவேன். டெல்லாவிக்னா, மால்மெண்டியர் என்ற இரு பொருளியலாளர்கள் மூன்று அமெரிக்க உடற்பயிற்சிக் கூடங்களின் கணக்குகளைப் பார்த்து 2006-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மாதம் 70 டாலருக்கு மேல் கட்டியவர்கள் சராசரியாக மாதத்துக்கு நாலு தடவை சொச்சம்தான் போனார்கள், ஒரு வருகைக்கு 17 டாலர் ஆனது. அதே கூடத்தில் தடவைக்குப் பத்து டாலர் கட்டிப் போகும் வசதி இருந்தது. நான் பார்த்த கணக்குகளிலும் இதே கதைதான், ஜனவரியில் நிறையும் கூடம் மார்ச்சில் காலியாகும். பூங்கா விஷயத்தில் குழந்தைகள் நச்சரிப்பார்கள் என்பதால் கொஞ்சம் மேல். அத்தோடு, மாதாமாதம் பில்லில் பெயர் வருவதே 'இந்த மாதம் போகவில்லையே' என்று நினைவூட்டும். மொத்தமாகக் கட்டியவர்கள் நாலு மாதத்தில் மறந்துவிடுகிறார்கள். தவணையில் எனக்கு உண்மையாகப் பிடித்த ஒரே குணம் அதுதான்.

முடிவு செய்யாமலே முதல் தடவை போய்வர ஒரு வழி இருக்கிறது. ஒருநாள் டிக்கெட் எடுத்துப் போங்கள். பிடித்திருந்தால் அந்த டிக்கெட்டின் விலையைப் பாஸ் விலையில் கழித்துக்கொண்டு மாற்ற முடிகிறதா என்று, அன்றே பூங்காவை விட்டு வெளியே வருவதற்குள் கேளுங்கள். பாஸ் விற்பனை சில சமயம் நிறுத்தப்படும், அதனால் காலையிலேயே விசாரித்துவிடுவது நல்லது.

அப்பா அம்மாவுக்குப் பாஸ் வேண்டாம். ஆறு மாதத்தில் ஊர் திரும்புகிறவர்களுக்குப் பன்னிரண்டு மாதக் கடனை நீங்கள் சுமப்பதில் பொருளில்லை, அவர்கள் இருக்கும் கோடைக்காலத்தில் விலை குறைந்த பாஸ்கள் செல்லாத நாட்களும் உண்டு. அவர்களுக்கு இரண்டு அல்லது மூன்று நாள் டிக்கெட் போதும். முதல் நாள் போன பிறகு வழக்கமாக 13 நாளுக்குள் மற்ற நாட்களைப் பயன்படுத்த வேண்டும் என்பதால், நடுவில் ஓய்வு கொடுத்துப் போகலாம். ஜூலை வெயிலுக்குக் காத்திருக்காமல் மே மாதத்திலேயே, அவர்கள் வந்து ஒரு வாரமாகித் தூக்கம் சரியான பிறகு, ஒரு செவ்வாய் அல்லது புதன்கிழமையாகப் பார்த்துத் தேதி போடுங்கள்.